கருவுற்றிருக்கும்போது பி.பி. மாத்திரை: உங்கள் அனுபவம் என்ன?

தஞ்சாவூரிலிருந்து ஒரு தாய்:
திருமணத்துக்கு முன்பிருந்தே எனக்கு பி.பி. உண்டு. தினமும் காலையில் டெல்மிசார்ட்டான் 40. நாள் தள்ளிப்போனதும் மாத்திரை அட்டையோடு மகப்பேறு மருத்துவரிடம் போனேன். அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தவர், "இது இன்றோடு போதும்மா. ஆனால் மாத்திரையே இல்லாமல் இருந்துவிடாதீர்கள்" என்று சொல்லி லேபெட்டலால் என்ற வேறு பி.பி. மாத்திரையை எழுதிக் கொடுத்தார்.

காரணத்தையும் அவரே விளக்கினார். டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான் போலச் 'சார்ட்டான்' என்று முடிபவையும், எனலாப்ரில், ராமிப்ரில் போலப் 'பிரில்' என்று முடிபவையும் நான்காம் மாதத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அந்தக் கட்டத்தில் பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தை கழிக்கும் சிறுநீர்தான். அது குறைந்தால் நுரையீரல் வளராது, கைகால்கள் மடங்கிப்போகும், மண்டையோட்டு எலும்பும் சரியாக உருவாகாது. குழந்தை இறந்துபோவதும் உண்டு. பிரில் வகைக்கு அமெரிக்காவில் 1992இலேயே கறுப்புக் கட்ட எச்சரிக்கை, அதாவது மருந்துக் குறிப்பில் கட்டம் போட்டு அச்சிடும் மிகக் கடுமையான எச்சரிக்கை, வந்துவிட்டது. இத்தனை காலம் கழித்தும் எனக்கு முதலில் மாத்திரை எழுதியவர், குழந்தைக்குத் திட்டமிருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

தேனி மாவட்டத்திலிருந்து ஒரு செவிலியர்:
கேட்டிருக்க வேண்டும் சகோதரி. நான் பார்த்த ஒரு பெண் ஆறாம் மாதத்தில்தான் முதன்முதலாக ஸ்கேனுக்கு வந்தார். பனிக்குட நீரின் அளவு 4 செ.மீ. என்று வந்தது, 5-க்குக் கீழே போனாலே குறைவு என்போம். பையில் என்ன மாத்திரை இருக்கிறது என்று கேட்டோம். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிய எனலாப்ரில். அன்றே மாற்றினோம். சில வாரங்களில் நீர் கூடியது, குழந்தையும் நலம். எல்லோருக்கும் இப்படி மீளும் என்று நம்பி இருக்க முடியாது.

ஆனால் முதல் சில வாரங்களில் தெரியாமல் சாப்பிட்டவர்கள், பயத்தில் கருவைக் கலைத்துவிடாதீர்கள். அந்தக் கட்டத்திலும் ஊனம் வரலாம் என்று 2006இல் ஓர் ஆய்வு சொன்னது உண்மைதான். பின்னால் வந்த பெரிய ஆய்வுகள், அதில் பெரும்பங்கு தாயின் பி.பி.க்கும் கூட இருக்கும் நோய்களுக்கும் உரியது என்றே காட்டுகின்றன. மாத்திரையை மாற்றி, ஐந்தாம் மாத ஸ்கேனைத் தவறாமல் எடுங்கள்.

மதுரையிலிருந்து ஒருவர்:
என் நாத்தனார் இதற்கு நேர்மாறு. குழந்தைக்கு ஆகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டார். ஏழாம் மாதத்தில் தலைவலி, கண் மங்கல், பிறகு வலிப்பு. அவசர அறுவையில் பிறந்த குழந்தை பல வாரம் இன்குபேட்டரில் இருந்தது. மெத்தில்டோபா, லேபெட்டலால், நிஃபெடிபின் என்று கர்ப்பிணிகளுக்கு வெகுகாலமாகத் தரும் மருந்துகள் இருக்கும்போது இது நடந்திருக்கவே கூடாது. 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், முன்பே பி.பி. இருந்த 2,400-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகள் பங்கேற்றனர். மருந்து கொடுத்து 140/90-க்குள் வைத்தவர்களுக்குக் குறைப்பிரசவமும் சிக்கல்களும் குறைந்தன. குழந்தைகளின் எடையும் அதனால் பாதிக்கப்படவில்லை. நாத்தனார் இப்போது அடுத்த குழந்தைக்குத் திட்டமிடுகிறார். இந்த முறை முதலில் மருத்துவர், அதன் பிறகுதான் மற்றதெல்லாம் என்று வீட்டில் எல்லோருமாகச் சொல்லிவிட்டோம்.