இரண்டு பயோடேட்டா

வைகைக்கரை:

அடுத்தவர் பயோடேட்டாவைச் சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். மதுரை இலந்தைக்குளம் எல்காட் ஐ.டி. பூங்காவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். பழைய நிறுவனத்தில் மூன்று வருடம் என்று எழுதியிருப்பார்; பி.எஃப். கணக்கில் பணி வரலாற்றைத் திறந்தால் ஒன்றே முக்கால் வருடம்தான் இருக்கும். கேட்டால், "தட்டச்சில் விட்டுப்போயிற்று மேடம்" என்பார். இதையே பார்த்துப் பார்த்து, என் நேர்மையைப் பற்றி எனக்குள் ஓர் இறுமாப்பு வளர்ந்திருந்தது.

தம்பிக்கு வரன் தேடத் தொடங்கியபோது, அப்பாவுக்குக் கணினி பழக்கமில்லை என்பதால் திருமணத் தளத்தில் நான்தான் பதிவு செய்தேன். 2023இல் அவனுக்கு வேலை போய், பதினொரு மாதம் திருநகரில் அப்பாவின் பாத்திரக்கடையில் உட்கார்ந்திருந்தான். அதை எழுதவில்லை. "2018 முதல் மென்பொருள் துறையில்" என்று எழுதினேன். பத்துப் பேர் கொண்ட குழுவைப் பார்த்துக்கொள்கிறவனை "மேலாளர்" ஆக்கினேன். உயரத்தில் ஓர் அங்குலம் கூடியது, அது அம்மாவின் பங்கு.

திண்டுக்கல் பக்கம் ஒரு வரன் அமைந்தது. பத்துக்கு ஒன்பது பொருத்தம். மீனாட்சி அம்மன் கோயிலில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். மதுரைக்காரர்களுக்கு இது தெரியும்: பிடிக்காவிட்டால், சாமி கும்பிட வந்தோம் என்று இரண்டு வீட்டாரும் சங்கடமில்லாமல் கலைந்துவிடலாம். 2018 தீ விபத்துக்குப் பிறகு கோயிலுக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. எல்லோரும் வெளியே ஒப்படைத்துவிட்டு, பொற்றாமரைக் குளத்துப் படியில் வெறுங்கையோடு உட்கார்ந்தோம். காட்டுவதற்குப் படமும் இல்லை, புரட்டுவதற்குப் பக்கமும் இல்லை.

பெண்ணின் அப்பா எதையும் கேட்கவில்லை. பெண் வங்கியில் வேலை செய்கிறவர். தம்பியோடு பத்து நிமிடம் பேசிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா, லிங்க்ட்இன் பக்கத்தில் பதினொரு மாத இடைவெளி என்று அவரே போட்டிருக்கிறார். வேலை தருகிறவர்களுக்குச் சொன்னதை எனக்குச் சொல்லவில்லையே?"

குரலில் கோபமே இல்லை. காசோலையில் கையெழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பவர்போலக் கேட்டார். நான் சொன்ன பதில்: "பதியும்போது விட்டுப்போயிற்றும்மா."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே காது சுட்டது.

அன்றிரவு இரண்டு பக்கங்களையும் அருகருகே திறந்துவைத்துப் பார்த்தேன். வேலை இடைவெளியை மறைக்காமல் குறிக்க லிங்க்ட்இன் 2022இலேயே தனி இடம் கொடுத்துவிட்டது. நான் நிரப்பிய திருமணப் படிவமோ நட்சத்திரத்தையும் பாதத்தையும் கேட்டது, இதைக் கேட்கவில்லை. ஆனால் பழியைப் படிவத்தின்மேல் போட்டுத் தப்பிக்க முடியாது. லிங்க்ட்இன்னில் தம்பி "மேலாளர்" என்று போட்டால் மறுநாளே பழைய சகாக்கள் கேலி செய்வார்கள்; அந்தப் பயம் அவனை ஒழுங்காக எழுத வைத்தது. திருமணப் பக்கத்தைப் பார்ப்பவர்கள் அத்தனை பேரும் அந்நியர்கள். தெரிந்தவர் கண்ணில் படாது என்ற துணிச்சல்தான் என்னை எழுத வைத்தது. வேலை தேடும் தளமான நௌக்ரியையும் திருமணத் தளமான ஜீவன்சாத்தியையும் ஒரே நிறுவனம்தான் நடத்துகிறது என்று அலுவலகத்தில் அடிக்கடி சொல்லிச் சிரிப்போம். நம் ஊரிலும் இரண்டுக்கும் கொடுக்கிற காகிதத்துக்குப் பெயர் பயோடேட்டாதானே.

இரண்டு நாள் கழித்துப் பெண் வீட்டிலிருந்து தகவல் வந்தது: "ஜாதகத்தில் ஏதோ ஒன்று இடிக்கிறது." ஒன்பது பொருத்தம்! அவர்களும் எங்கள் மனம் நோகாமல் ஒரு பொய் சொல்லிவிட்டார்கள்.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

திருமங்கலத்தான்:

தங்கச்சி, எனக்குத் தரகுத் தொழில், இருபத்திரண்டு வருடம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்ற பழமொழியை என்னிடம் சொல்லாத வீடு கிடையாது. ஆயிரம் பொய் சொன்ன தரகன் அடுத்த முகூர்த்தத்துக்கு அதே மண்டபத்தில் எப்படிப் பந்தியில் உட்காருவான்?

ஆனாலும் ஒன்று சொல்லியிருக்கிறேன். பையன் தினமும் குடிப்பான் என்று தெரிந்தே, "எப்போதாவது, விசேஷத்துக்கு" என்றேன். தரகும் வாங்கிக்கொண்டேன். அந்தப் பெண்ணின் அம்மா என்னைத் திட்டியதே இல்லை. கடைவீதியில் எதிரே வந்தால், "சாப்பிட்டீர்களா அண்ணே" என்று கேட்டுவிட்டுப் போகும். திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டுக்கு எதிரிலுள்ள டீக்கடையில் இரண்டு காலை உட்காராமல் எந்த ஜாதகத்தையும் கையில் எடுப்பதில்லை. பையனின் டீக்கடை பாக்கி எவ்வளவு என்று கேட்டாலே பாதி குணம் தெரிந்துவிடும். இதற்கு எந்தத் தளத்தில் கட்டம் இருக்கிறது?

மேலூர் பொறியாளன்:

என் கதை சிரிப்புக் கதை. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் லிங்க்ட்இன்னில் தொடர்பு கேட்டார். "தங்கள் பணி அனுபவம் மிகவும் கவர்ந்தது, நேரில் பேச விருப்பம்" என்று எழுதியிருந்தார். யாரோ உறவுக்காரப் பையனுக்கு வேலை கேட்கிறார் என்று நினைத்து, "பயோடேட்டா அனுப்புங்கள் ஐயா" என்றேன். வந்தது. மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழே மகம், சிம்ம ராசி, பட்டுப்புடவையில் ஒரு பெண். கூடவே, என் சகாக்கள் இருவரிடம் என் பழக்கவழக்கம் பற்றி விசாரித்துவிட்டதாகவும், திருப்தி என்றும் ஒரு வரி.

எனக்குத் திருமணமாகி நான்கு வருடம் ஆகிறது. அதை எழுத லிங்க்ட்இன் பக்கத்தில் இடம் கிடையாது. சகாக்களிடம் அவர் கேட்காத ஒரே கேள்வியும் அதுதான். பதில் எழுத எனக்கு ஒரு நாள் பிடித்தது. மனைவி அந்த ஜாதகத்தைத் தன் சித்தி மகனுக்குப் பொருந்துமா என்று பார்த்தது தனிக்கதை.

கறுப்புக் கோட்டு:

குடும்ப நல வழக்குகள் நடத்துகிறவன் என்பதால் இரண்டு வரி. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, எதிர்த்தரப்பைப் பற்றிய முக்கியமான உண்மையில் மோசடி செய்து பெற்ற சம்மதத்தின் பேரில் நடந்த திருமணத்தைச் செல்லாததாக்கக் கோர இடம் தருகிறது. மோசடி தெரிந்த ஓராண்டுக்குள் வர வேண்டும். தெரிந்த பிறகும் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் முடியாது. சம்பளத்தை ஏற்றிச் சொன்னது "முக்கியமான உண்மை"யில் அடங்குமா என்பது வழக்குக்கு வழக்கு மாறும். பதிவு செய்கிறவர்களின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று 2016இல் மத்திய அரசு திருமணத் தளங்களுக்கு வழிகாட்டுதல் கொடுத்தது. அடையாளம் சரியாக இருந்தால் ஆள் சரியாக இருப்பான் என்று மட்டும் நினைக்காதீர்கள். வெளிநாட்டு மாப்பிள்ளை அனுப்பிய பரிசு சுங்கத்தில் சிக்கிக்கொண்டது, பணம் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். வேலைக்கு முன்பணம் கேட்பவனுக்கும் அதே எண்தான்.

வைகைக்கரை:

திருமங்கலத்து அண்ணே, அந்த அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

பக்கத்தை மாற்றி எழுதிவிட்டேன். தம்பியிடம் படித்துக் காட்டினேன். "இடைவெளி என்று மொட்டையாகப் போடாதே அக்கா, கடையில் கல்லாவில் இருந்தேன் என்று எழுது" என்றான். முன்பு வாரத்துக்குப் பதினைந்து விசாரிப்புகள் வரும், இப்போது மூன்று. அதில் ஒன்று சோழவந்தானிலிருந்து. பெண்ணே எழுதியிருந்தார்: "பித்தளை எடைக்குத்தான் விற்பீர்களா, அண்டா விலை இப்போது எவ்வளவு?"

தம்பி அரைப் பக்கத்துக்குப் பதில் எழுதியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சோழவந்தான் போகிறோம். அந்த ஓர் அங்குலத்தில் மட்டும் கைவைக்க அம்மா இன்னும் விடவில்லை.