“மனிதக் காலடி படாத நிலாவெளி” என்று எழுதலாமா?

பாலையூற்று வாத்தி:
இலங்கையின் திருகோணமலையில், நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதி அச்சடித்த துண்டுப்பிரசுரம் கைக்கு வந்தது. அதில் இருப்பது இது: “மனிதக் காலடி படாத வெண்மணல். ஆண்டு முழுவதும் கண்ணாடிக் கடல். காலம் நின்றுபோன மீனவக் கிராமம். தொட்டுப் பார்க்கும் தூரத்தில் பவளப் பாறைகள். நீங்கள் தேடிய சொர்க்கம் இதுதான், தவறவிடாதீர்கள்!”

“நீங்கள்” என்று கூப்பிட்டவுடனேயே வாசிக்கிறவர் அந்த மணலில் போய் நின்றுவிடுகிறார். “தவறவிடாதீர்கள்” அவசரத்தை மூட்டுகிறது. இந்த உத்திகளில் எனக்குக் கோபமில்லை. கோபம் முதல் வரியில்தான். விடியப்புறம் நிலாவெளிக் கரைக்குப் போய்ப் பாருங்கோ. கரைவலை இழுக்கிறவர்கள் இரண்டு பக்கமும் கயிறு பிடித்து, குதி மணலில் புதையப் பின்னுக்குப் பின்னுக்கு நடப்பார்கள். மீன் சேருகிற வலைப்பையான மடி கரையேறும்போது அந்த மணல் முழுக்கக் காலடிதான். அந்தச் சனத்தை முதல் வரியில் துடைத்துவிட்டு, மூன்றாம் வரியில் பார்த்துப் படமெடுக்கிற பொருளாகத் திரும்பக் கொண்டுவருகிறார்கள்.

எழுத்துக் கூலி:
வாத்தியார், அந்த வரிகள் என்னுடையவை இல்லை. ஆனால் என் தொழிலும் இதுதான், விடுதிகளுக்கு எழுதிக் கொடுப்பது. ஒரு பக்கத்தைப் பார்க்கிறவர் நாலு வரிக்குள் நிற்பதா போவதா என்று முடிவெடுத்துவிடுவார். அந்த நாலு வரிக்குள் கடலும் வேண்டும், ஆசையும் வேண்டும். 2009 வரைக்கும் யுத்தம். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு வெறிச்சோடியது. அடுத்த வருசம் கொரோனா, 2022 இல் பெற்றோல் வரிசை. விடுதி நிரம்பினால்தான் ஆட்டோக்காரருக்கும் சமையல்காரருக்கும் படகுக்காரருக்கும் அடுப்பு எரியும்.

இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. திருஞானசம்பந்தர் கோணமாமலையை, அதாவது இந்தத் திருகோணமலையைப் பாடும்போது, கடல் சந்தனத்தையும் அகிலையும் மணியையும் வாரிக்கொண்டு வந்து முத்துக் கொழிக்கிறது என்றுதான் பாடினார். அவரிடம் யாராவது கணக்குக் கேட்டோமா?

பாலையூற்று வாத்தி:
கேட்கமாட்டோம். அந்தப் பதிகத்தைப் பாடுகிறவன் அறைக்கு முற்பணம் கட்டுவதில்லை. அது வழிபாடு. விளம்பரத்துக்கு நம்மிடம் வேறு முன்னோடி உண்டு: ஆற்றுப்படை. பரிசு பெற்று வருகிற ஒருவன், வறுமையில் வருகிறவனை முன்னிலையில் அழைத்து, இன்னாரிடம் போ, இப்படிப் போ என்று ஆசைகாட்டி அனுப்புகிறான். ஆனால் நன்னன் என்கிற அரசனிடம் ஆற்றுப்படுத்துகிற மலைபடுகடாமைப் பாருங்கோ. விருந்தும் பரிசிலும் சொல்கிற அதே வாயால், வழியில் பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், தினைப்புனம் காக்கிறவர்கள் கவண்கல் எறிவார்கள், பாறை வழுக்கும் என்றும் சொல்லித்தான் அனுப்புகிறான். சொன்னதால் அந்தப் பாட்டின் கவர்ச்சி குறைந்ததா? எனக்கு அதற்குப் பிறகுதான் அவனை நம்பத் தோன்றுகிறது.

எழுத்துக் கூலி:
அதுவும் புரவலனை மகிழ்விக்க எழுந்த பாட்டுத்தானே, வாத்தியார்? நன்னனுடைய பெயர் பரவத்தான் அவ்வளவும். பொறியையும் கவண்கல்லையும் சொன்னது, தாண்டிப் போனால் கிடைக்கிற விருந்தைப் பெரிதாக்கவும்தான். இடையூறைச் சொல்வதும் ஒரு கவர்ச்சி உத்தி. அதை நீங்கள் அறம் என்கிறீர்கள், நான் திறமை என்கிறேன்.

புறாமலைப் படகு:
இலக்கியம் எனக்குத் தெரியாது, வாத்தியார். நாலாவது வரியைப் பற்றி மட்டும் சொல்லுறன். “தொட்டுப் பார்க்கும் தூரத்தில்” என்று வாசித்துவிட்டுப் புறாமலைத் தீவுக்கு வாறவர்கள் உண்மையாகவே தொடுகினம். தண்ணி இடுப்பளவு இருக்கிற இடத்தில், களைத்துப்போனால் காலை ஊன்றி நிற்கினம். மான்கொம்பு மாதிரிக் கிளைத்த முருகைக்கல், அதுதான் அந்தப் பவளப் பாறை, மடக்கென்று உடையும். உடைந்த துண்டைக் கையில் எடுத்து வந்து “இதைக் கொண்டுபோகலாமா” என்று என்னிடமே கேட்பினம். 2003 இல இருந்து அந்தத் தீவு தேசியப் பூங்கா. துண்டு எடுக்கிறதும் குற்றம். நான் படகில் தொண்டை கிழியக் கத்துறன். அவர்கள் கையிலிருக்கிற தாள் வேறு சொல்லுது.

உப்புவெளி அக்கா:
எங்கட வீட்டோடு சேர்த்துச் சில அறைகள் வாடகைக்கு விடுறம். “ஆண்டு முழுவதும்” என்ற சொல் எங்களைத்தான் கொல்லுது. நவம்பர், டிசம்பரில் வாடைக்காற்றும் மழையும். புறாமலைக்குப் படகு பெரும்பாலும் போகாது. குழந்தைகளோடு வந்து சன்னலுக்குள் நிற்கிற குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வது? எழுதினவர் போய்விடுவார். திட்டு வாங்குவது நாங்கள். எழுத்துக் கூலி தம்பி, உங்கட தொழிலுக்கு நான் எதிரில்லை. எனக்கும் ஒரு தாள் வேண்டும். ஆனால் வந்தவர் அடுத்த வருசமும் வருகிற மாதிரி ஒரு தாள்.

பாலையூற்று வாத்தி:
அக்கா சொன்னதோடு ஒன்று. கோணேசர் கோயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் “ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அசையாமல் நிற்கும் ஆலயம்” என்று எழுதுகிறார்கள். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 17 ஆம் நூற்றாண்டில் இடித்து, அந்தக் கல்லைக் கோட்டைக்குப் போட்டார்கள். இன்று நாம் கும்பிடுகிற கட்டடம் போன நூற்றாண்டில் எழுந்தது. அந்தக் கோட்டை வாசலுக்குள்ளால் நடந்துதான் கோயிலுக்குப் போகிறோம். இதைச் சொன்னால் வாசிக்கிறவருக்கு அந்தச் சுவரின் ஒவ்வொரு கல்லையும் பார்க்கத் தோன்றும். அடைமொழியால் அது முடியாது.

எழுத்துக் கூலி:
கோட்டைக் கல் நல்ல சரக்கு, அதை எடுத்துக்கொள்கிறேன். அக்காவுக்கு இது:

“மே முதல் செப்டெம்பர் வரை, தெற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் காலத்தில், இங்கே நீங்கள் இடுப்பளவு நீரில் நின்று உங்கள் கால்விரல்களை எண்ணலாம். விடியலில் எழுந்தால் கரைவலை இழுப்பதைக் காணலாம். மடி கரையேறியதும் அங்கேயே மீன் வாங்கலாம். புறாமலையில் மிதந்தபடி பாருங்கள், முருகைக்கல்லில் கால் வைக்காதீர்கள்.”

“நீங்கள்” இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. ஆனால் நவம்பர் மழையை முகப்பில் போடமாட்டேன். கடையைத் திறக்கும்போதே “இன்று இல்லை” என்று பலகை மாட்டுகிற வியாபாரி கிடையாது.

புறாமலைப் படகு:
கடைசி வரியைப் பெரிய எழுத்தில் போடுங்கோ. சிங்களத்திலும் இங்கிலீசிலும் போடுங்கோ. படகில் ஒட்ட எனக்கும் சில தாள் வேண்டும்.

பாலையூற்று வாத்தி:
வலை இழுக்கிறவர்களிடம் கேட்காமல் முகத்துக்கு நேரே கமராவை நீட்ட வேண்டாம் என்று ஒரு வரி சேருங்கோ. முகப்பில் மழை வேண்டாம் என்றால் அறை வாடகைக்குப் பக்கத்தில் போடுங்கோ. காசு கட்டுகிறவரின் கண் போகிற இடம் அதுதான்.

உப்புவெளி அக்கா:
வாடகைக்குப் பக்கத்திலேயே போடுவம். நவம்பர் முதல் ஜனவரி வரை வாடகை குறைவு என்றும், ஏன் குறைவு என்றும் சேர்த்தே எழுதுங்கோ தம்பி. அச்சுக்குக் குடுக்க முதல் ஒருக்கா எனக்கு வாசிச்சுக் காட்டுங்கோ.