42யு சர்வர் ரேக் இரண்டாம் மாடிக்கு வருகிறது, அறையை எப்படித் தயார் செய்வது? (பிறகு சேர்த்தது: ஆர்சிசிபி டிரிப் ஆகும் பிரச்சினை)

தறிநூல்

வணக்கம். அலுவலகத்துக்கு முதன்முறையாக முழு உயர ரேக் வாங்கியிருக்கிறோம். சுவரில் மாட்டும் 9யு பெட்டியைத் தவிர (யு என்பது ரேக்கில் உயரத்தை அளக்கும் அலகு) நான் எதையும் நிறுவியதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வந்து இறங்குகிறது, பொறுப்பு முழுக்க என் தலையில்.

ரேக் 600 மி.மீ. அகலம், 1070 ஆழம், 1991 உயரம், காலி எடை 125 கிலோ. உள்ளே போகப்போவது 2யு சர்வர் எட்டு (ஒன்று 28 கிலோ), 4யு ஸ்டோரேஜ் இரண்டு (தலா 45 கிலோ), 6 கேவிஏ யூபிஎஸ், அதற்கு மூன்று பேட்டரி பெட்டி (ஒவ்வொன்றும் 65 கிலோ), அப்புறம் சுவிட்ச், வயர் எல்லாம்.

அறை இரண்டாம் மாடியில், 3 மீட்டருக்கு 2.4 மீட்டர். முன்பு பழைய கோப்புகள் வைத்திருந்த அறை. தரையில் டைல்ஸ். கதவு நிலையின் உயரம் 2030, அகலம் 900. லிஃப்ட் இருக்கிறது. நிலையை அளந்தேன், ரேக் போய்விடும் என்றுதான் தோன்றுகிறது. வேறு எதைப் பார்க்க வேண்டும்? தரை தாங்குமா என்பதுதான் பெரிய பயம்.

ரசமட்டம்

தம்பி, நிலையை மட்டும் அளந்தால் போதாது. லாரி நிற்கும் இடத்தில் ஆரம்பித்து ரேக் நிற்கப்போகும் இடம் வரை நடந்து அளக்க வேண்டும்.

ரேக் மரப்பலகை மேடையோடுதான் வரும். மேடை 150 மி.மீ. என்று வைத்தாலும் மொத்தம் 2141. உங்கள் லிஃப்ட் கதவு என்ன உயரம்? 2100 என்றால் கீழேயே பிரித்தாக வேண்டும். அதற்கு மழை படாத, சமதளமான இடம் ஒன்றைக் கீழே ஒதுக்கி வையுங்கள். மேடையிலிருந்து உருட்டி இறக்கச் சாய்வுப் பலகை கூட வருகிறதா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். பலகை இல்லாமல் நாலு பேர் தூக்கி இறக்கப்போய் விரல் நசுங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

அடுத்தது, அறைக் கதவு தானாக மூடிக்கொள்ள மேலே ஒரு இரும்புக் கை மாட்டியிருக்கிறதா? அது நிலைக்குக் கீழே இறங்கி நிற்கும். 2030 என்று அளந்த இடத்தில் உண்மையான வழி 1970ஆக இருக்கலாம். கழற்ற நாலு திருகுதான், ஆனால் ரேக் வாசலில் நிற்கும்போது ஸ்க்ரூடிரைவர் தேடக் கூடாது.

திருப்பங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். பழைய அட்டைப்பெட்டியை 600க்கு 1070 என்று வெட்டித் தரையில் போட்டு, லிஃப்டிலிருந்து அறை வரை காலால் தள்ளிக்கொண்டே போங்கள். ரேக்கின் மூலைக்கு மூலை நீளம் 1227 மி.மீ. நடைபாதை 1200 என்றால் நின்ற இடத்தில் முழுச் சுற்றுச் சுற்ற முடியாது. எந்த முகம் முன்னால் வர வேண்டும் என்பதை லிஃப்டில் ஏற்றும்போதே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

அரைமூட்டை

படுக்க வைத்துக் கொண்டுபோனால் உயரப் பிரச்சினையே இல்லையே? நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

ரசமட்டம்

@அரைமூட்டை, காலி ரேக்கைப் படுக்க வைக்கலாம் என்று தயாரிப்பாளர் கையேட்டில் இருந்தால் மட்டும் செய்யலாம். சில சட்டங்கள் அந்தப் பக்க அழுத்தத்தில் கோணிவிடும், பிறகு கதவு சாகும் வரை சரியாகப் பூட்டாது. இன்னொன்று, நிமிர்த்தும்போது இன்னும் கூடுதல் உயரம் வேண்டும். முதுகுப்புறமாகப் படுத்த ரேக் நிமிரும்போது அதன் மூலை 2260 மி.மீ. வரை ஏறும். பக்கவாட்டில் படுத்திருந்தால் 2079. ஃபால்ஸ் சீலிங் தாழ்வாக இருந்தால் பலகையை இடித்துக்கொண்டுதான் நிமிரும்.

செங்கல்சூளை

கட்டடப் பொறியியல் என் தொழில், அதனால் தரையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நீங்கள் கொடுத்த எடைகளைக் கூட்டினேன். ரேக் 125, சர்வர் 224, ஸ்டோரேஜ் 90, பேட்டரி 195. யூபிஎஸ், சுவிட்ச், வயருக்கு 50 போட்டால் சுமார் 685 கிலோ. ரேக் அடைக்கும் இடம் 0.64 சதுர மீட்டர். அதாவது சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோவைத் தாண்டுகிறது. சாதாரண அலுவலகத் தளங்களைப் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 250 முதல் 300 கிலோ வரையிலான சுமைக்குத்தான் வடிவமைக்கிறார்கள். இதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம், ஏனென்றால் ரேக்கைச் சுற்றி நடக்க விடும் காலி இடமும் அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்கிறது. ஆனால் "அறை முழுக்கப் பரப்பினால் 95 கிலோதானே" என்று தேற்றிக்கொள்வதும் தவறு. ஓரிடத்தில் குவிந்த எடை, பரவலான எடையைவிடத் தளத்தை அதிகம் வளைக்கும். இரண்டு எண்ணுக்கும் நடுவில் எங்கே நிற்கிறோம் என்பதை அந்தக் கட்டடத்தின் வரைபடத்தையும் கம்பி விவரத்தையும் பார்த்த பொறியாளர்தான் எழுதித் தர வேண்டும். என் பதிலை வைத்து ஏற்றிவிடாதீர்கள்.

அவரிடம் போகும் முன் நீங்கள் பார்க்க வேண்டியது பீம் எங்கே ஓடுகிறது என்பது. கீழ்மாடிக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். தளத்தின் நட்ட நடுவில் ரேக்கை நிறுத்துவதுதான் மோசமான தேர்வு, பீமை ஒட்டி நிறுத்துவது நல்லது.

டைல்ஸ் தனிக் கதை. சக்கரத்தில் நிற்க விடாமல் நான்கு திருகுக் காலில் நிறுத்துவீர்கள், ஒரு காலுக்குச் சுமார் 170 கிலோ. 5 செ.மீ. விட்டமுள்ள காலின் கீழே சதுர செ.மீட்டருக்கு எட்டு ஒன்பது கிலோ அழுத்தம் வரும். அடியில் கலவை நிறைந்த டைல் இதைத் தாங்கும். பொள்ளலாக ஒட்டியது விரிசல் விடும், கால் இறங்கும், ரேக் சாயும். ஒரு ரூபாய் நாணயமோ சாவியோ எடுத்து ஒவ்வொரு டைலின் நாலு மூலையையும் நடுவையும் தட்டிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் "டக்" என்று முடிந்துவிடும். பொள்ளலாக இருந்தால் பானையைத் தட்டியது போல அதிரும். அப்படிப்பட்ட டைலைப் பெயர்த்துக் கலவை நிரப்புங்கள், அப்புறம் ஒவ்வொரு காலுக்கும் 30 செ.மீ. சதுர இரும்புத் தகடு போடுங்கள். தகடு டைலைத்தான் காப்பாற்றும். தளம் தாங்கும் மொத்த எடையை அது கூட்டாது, இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

தறிநூல்

அனைவருக்கும் நன்றி. அட்டையைத் தள்ளிப் பார்த்தேன். கடைசித் திருப்பத்தில் சுவரில் இருக்கும் தீயணைப்புக் குழாய்ப் பெட்டி இடிக்கிறது! ரேக்கின் பக்கத் தகடுகளைக் கழற்றினால் இடம் கிடைக்குமா? கதவு மூடும் கையும் அண்ணன் சொன்ன மாதிரியே 55 மி.மீ. கீழே இறங்கி நின்றது, கழற்றிவிட்டேன். லிஃப்ட் கதவு 2100தான்.

தட்டிப் பார்த்ததில் மூன்று டைல் பொள்ளல். பீம் இடது பக்கச் சுவரின் கீழேயே ஓடுகிறது. கட்டடத்தின் பொறியாளர் நாளை வருகிறார். ஆனால் சுவரை ஒட்டி வைத்தால் பின்பக்கம் எப்படி வேலை செய்வது?

ரசமட்டம்

பக்கத் தகடுகளைக் கழற்றினால் அகலத்தில் பெரிதாகக் குறையாது. முன் பின் கதவுகளைக் கழற்றுங்கள், ஆழத்தில் கொஞ்சம் கிடைக்கும், எடையும் குறையும். கதவிலிருந்து சட்டத்துக்குப் போகும் பச்சை மஞ்சள் எர்த் வயரை முதலில் உருவிவிட்டுத் தூக்குங்கள். திரும்ப மாட்டும்போது அந்த வயரை மறப்பவர்கள் அதிகம், அதனால் உருவிய முனையில் சிவப்பு டேப் ஒட்டி வையுங்கள். குழாய்ப் பெட்டியை மட்டும் தொட வேண்டாம்.

சுவரை ஒட்ட வேண்டியது ரேக்கின் பக்கவாட்டு. முதுகை ஒட்டக் கூடாது. 3 மீட்டர் நீளத்தில் முன்னால் 1100, ரேக் 1070, பின்னால் 830 என்று பிரியுங்கள். சர்வரை ரெயிலில் இழுத்தால் முக்கால் மீட்டர் வெளியே வரும், அதற்கு முன்னால் ஆள் நிற்க வேண்டும், ஆகவே முன்பக்கத்தில் கை வைக்காதீர்கள்.

சூடு: சர்வர் ஒன்றுக்கு 350 வாட் என்றால் மொத்தம் 4 கிலோவாட்டை ஒட்டி வரும். ஒரு டன் ஏசி என்பது 3.5 கிலோவாட். ஒன்றரை டன்னில் இரண்டு மாட்டி மாற்றி மாற்றி ஓட விடுங்கள், ஒன்று நின்றால் மற்றது தாங்கும். இவ்வளவு சின்ன அறையில் ஏசி நின்றால் சில நிமிடத்திலேயே தெரிந்துவிடும். உள்ளே இழுக்கும் காற்று 18லிருந்து 27 டிகிரிக்குள் இருந்தால் சரி. ஏசியின் உட்பெட்டியும் அதன் தண்ணீர்க் குழாயும் ரேக்குக்கு நேர் மேலே வரவே கூடாது.

ரேக் லிஃப்டிலிருந்து இறங்கும்போது வாசல் இடுக்கில் சக்கரம் மாட்டும். மெல்லிய இரும்புத் தகடு ஒன்றைக் குறுக்கே போட்டுவிட்டு உருட்டுங்கள்.

தறிநூல்

வெள்ளிக்கிழமை முடிந்தது. பொறியாளர் பீம் ஓரம் வைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். லிஃப்ட் இடுக்கில் தகடு போட்டதால் ரேக் சத்தமே இல்லாமல் வந்தது. பேட்டரி அடியில், மேலே யூபிஎஸ், அதற்கு மேல் ஸ்டோரேஜ், பிறகு சர்வர்கள். கவிழாமல் தடுக்கும் முன்காலை முதலிலேயே மாட்டிவிட்டேன்.

கேஜ் நட்டில் (திருகைப் பிடிக்க ரேக்கின் சதுரத் துளையில் மாட்டும் நட்) ஒரு மணி நேரம் போனது. இரண்டாவது சர்வரின் ரெயில் ஒரு துளை மேலே ஏறி, அதற்கு மேலுள்ளதெல்லாம் பொருந்தவில்லை. பிறகுதான் கவனித்தேன், துளைகளின் இடைவெளி எல்லாம் ஒன்றல்ல. 15.9, 15.9, அப்புறம் 12.7. அந்தக் குறுகிய இடைவெளியின் நடுவில்தான் ஒரு யு முடிந்து அடுத்தது தொடங்குகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு மீதி ஆறு சர்வரும் மளமளவென்று ஏறிவிட்டன.

இப்போது புதிய பிரச்சினை. ஐந்து சர்வர் வரை ஓடுகிறது. ஆறாவதைப் போட்டதும் ஆர்சிசிபி (எர்த்துக்கு மின்சாரம் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுகிறது. அந்தச் சர்வர் கெட்டதோ என்று வேறொன்றைப் போட்டேன், அப்போதும் விழுகிறது. ஆம்பியர் 32க்கு மிகவும் கீழேதான் இருக்கிறது. ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டு பவர் சப்ளை, ஒன்று யூபிஎஸ் வழியாக, மற்றது நேராகச் சுவர் சாக்கெட்டில்.

மின்னல்கொடி

யூபிஎஸ்ஸுக்குப் போகும் சாக்கெட்டும் இன்னொரு சாக்கெட்டும் ஒரே ஆர்சிசிபியின் கீழேயா இருக்கின்றன? அது 30 மில்லி ஆம்பியரா? எந்தச் சர்வர் ஆறாவதாக வந்தாலும் விழுகிறது என்றால் கெட்டது சர்வர் இல்லை.

ஒவ்வொரு பவர் சப்ளையிலும் இரைச்சலை வடிகட்ட எர்த்துக்கு இணைத்த சின்ன மின்தேக்கிகள் இருக்கும். அவற்றின் வழியாக எப்போதும் சிறிது மின்சாரம் எர்த்துக்குக் கசியும். ஒன்றுக்கு ஒரு மில்லி ஆம்பியரை ஒட்டி என்றாலும் இருபது சப்ளை சேர்ந்தால் கணக்கு ஏறிவிடும். 30 என்று எழுதியிருக்கும் ஆர்சிசிபி 15க்கு மேல் எந்த இடத்திலும் விழலாம், தரநிலை அதை அனுமதிக்கிறது. உங்கள் ஆர்சிசிபி ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது.

தயவுசெய்து அதைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள். எர்த்தையும் துண்டித்துப் பார்க்காதீர்கள். எர்த் விட்டுப்போன ரேக்கில் அந்தக் கசிவு மொத்தமும் தொடுபவர் உடல் வழியாகப் போகும், 20 மில்லி ஆம்பியரில் பிடித்த கையை எடுக்க முடியாமல் போகலாம்.

தறிநூல்

நன்றி அக்கா. ஆமாம், இரண்டு சாக்கெட்டும் ஒரே ஆர்சிசிபி. உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் கசிவு அளக்கும் கிளாம்ப் மீட்டரோடு வந்தார். ஐந்து சர்வர் ஓடும்போது 19 மில்லி ஆம்பியர் காட்டியது.

மின்னல்கொடி

அப்படியானால் உங்களிடம் இரண்டு வழி மின்சாரம் இல்லை, ஒரே வழியில் இரண்டு சாக்கெட்தான் இருக்கிறது. எது விழுந்தாலும் யூபிஎஸ்ஸுக்கு வரும் மின்சாரமும் சேர்ந்தே நின்றுவிடும். மெயின் போர்டிலிருந்து இரண்டு தனி சர்க்யூட் இழுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதுகாப்பு, பூட்டிக்கொள்ளும் 32 ஆம்பியர் தொழில்துறை சாக்கெட், கனமான எர்த் வயர். ஆர்சிசிபி எந்த வகை, எவ்வளவு என்பதை உங்கள் ஊர் விதிப்படி அவரே முடிவு செய்யட்டும். ஒவ்வொரு வழியிலும் 40 சதவீதத்துக்கு மேல் சுமை வேண்டாம். ஒன்று நின்றால் மற்றது 80 சதவீதத்தில் மொத்தத்தையும் தாங்கும்.

ரேக்கின் சட்டத்தையும் எர்த் பட்டையில் இணைக்கச் சொல்லுங்கள். பெயின்ட் மேல் போல்ட்டை முறுக்கினால் தொடர்பு கிடைக்காது, சுரண்டிவிட்டுப் பல்வாஷர் போட்டு முறுக்க வேண்டும்.

தறிநூல்

இரண்டு சர்க்யூட்டும் நேற்று வந்துவிட்டன. இப்போது எட்டு சர்வரும் ஓடுகின்றன. கசிவு ஒரு வழியில் 12, மற்றதில் 13. ஒரு வழியை வேண்டுமென்றே அணைத்துப் பார்த்தேன், ஒரு சர்வரும் நிற்கவில்லை. பிறகு அடுத்ததையும் அப்படியே சோதித்தேன்.

கதவுகளைத் திரும்ப மாட்டும்போது சிவப்பு டேப் கண்ணில் பட்டது. பின்கதவின் எர்த் வயரை உண்மையாகவே மறந்துதான் இருந்தேன், அண்ணா.

ரசமட்டம்

நல்லது தம்பி. பத்து நாள் கழித்து ரசமட்டத்தை ரேக்கின் மேல் ஒருமுறை நெடுக்கிலும் ஒருமுறை குறுக்கிலும் வைத்துப் பாருங்கள். கலவை நிரப்பிய டைல் பக்கம் குமிழி நகர்ந்திருந்தால் அந்தக் காலை அரைச் சுற்று ஏற்றிவிடுங்கள். காலியான யு இடங்களை மறைப்புத் தகட்டால் மூடிவிட்டீர்களா? இல்லையென்றால் பின்னால் வரும் சூடான காற்று அந்த வழியாகவே முன்னால் வந்துவிடும்.