ஸ்கேல் வைத்து வெட்டியும் வளைந்த பெல்ட்: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

பைதையல்காரி
இரண்டு மாதமாகியும் மனசை விட்டுப் போகவில்லை. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு என் கையால் ஒரு பெல்ட். சென்னை பெரியமேட்டில் வாங்கிய வெஜ் டான் (மரப்பட்டை போன்ற தாவரச் சாற்றில் பதப்படுத்திய) தோலில் ஒரு சைடு, அதாவது முதுகோடு இரண்டாகப் பிளந்த தோலில் ஒரு பாதி. மூன்றரை மில்லி கனம். நல்ல பகுதி பைக்கு இருக்கட்டும் என்று வயிற்றுப் பக்க ஓரத்திலிருந்து வெட்டினேன். நான்கடி ஸ்டீல் ஸ்கேல், புது பிளேடு. வெட்டு நேராகத்தான் வந்தது. எண்ணெய் தடவி, இழுத்து, வளைத்துப் பதப்படுத்தினேன். மறுநாள் தரையில் வைத்தால் அரிவாள் மாதிரி வளைந்து கிடக்கிறது!

தோல் வாங்கிய கடைப் பக்கத்தில் பை தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். வெட்டு விளிம்பை அவர் பார்க்கவே இல்லை. இரண்டு முனையையும் பிடித்து ஒரு இழு இழுத்தார். ஒரு ஓரம் விறைப்பாக நின்றது, மற்ற ஓரம் ரப்பர் போல நீண்டது. "இது வயித்துத் தோலும்மா. பெல்ட்டுக்கு முதுகுலதான் எடுக்கணும்" என்றார். விழாவுக்குக் கடை பெல்ட்தான் கொடுத்தேன்.

ஆம்பூர் கிளிக்கிங்
அக்கா, பெரியவர் சொன்னது சரி. ஆனால் விளிம்பையும் பார்த்திருக்க வேண்டும். ஷூ கம்பெனியில் சாம்பிள் கட்டிங்கில் இருந்தேன். வெட்டு அச்சான டை, அதை அழுத்தும் பிரஸ் எல்லாம் ஆர்டர் வந்த பிறகுதான், சாம்பிள் கையால்தான். முதல் வாரம், நான் வெட்டிக்கொண்டிருக்கும்போதே சீனியர் என் மணிக்கட்டைப் பிடித்து நிமிர்த்தினார். ஒன்றும் சொல்லவில்லை. வெட்டிய துண்டைத் திருப்பி வைத்தார். மேலே கோடு சுத்தம், அடியில் ஒரு மில்லி வெளியே நீண்டிருந்தது. கத்தி சாய்ந்திருக்கிறது. இன்றைக்கும் கத்தி எடுத்தால் அந்தப் பிடி மணிக்கட்டில் தெரிகிறது.

ரோட்டரி ரசிகன்
இவ்வளவு சிரமம் எதற்கு? ஆட்டுத்தோல் லைனிங், முக்கால் மில்லி. கத்தி போட்டால் முன்னால் சுருங்கிக் குவிந்தது, நான்கு துண்டு வீண். உருளும் சக்கர பிளேடு வைத்த ரோட்டரி கட்டர் வாங்கினேன், முடிந்தது.

புதிதாக வருபவர்கள் கவனிக்க: ஸ்கேலை உங்களுக்கு வேண்டிய துண்டின் மேல் வையுங்கள். கத்தி விலகினாலும் கழிவுக்குள்தான் போகும். ஸ்கேல் அடியில் உப்புத்தாள் ஒட்டினால் வழுக்காது. ஒரே மூச்சில் அழுத்தாமல் மூன்று தடவை லேசாக இழுங்கள். முதல் இழுப்பு வழி போடத்தான். ஸ்கேலைப் பிடிக்கும் கையின் கட்டைவிரல் ஓரத்தைத் தாண்டி நீட்டியிருக்கக் கூடாது. மேட் இல்லாமல் டைல்ஸ் மேல் வெட்டவே வேண்டாம், பிளேடு முனை போய்விடும்.

பழைய செருப்புக்கடை
தம்பி, லைனிங்குக்கு உங்கள் சக்கரம் சரி. அக்கா வெட்டியது மூன்றரை மில்லி. அதில் சக்கரத்தை அழுத்தினால் கை வலிக்கும், அடி அறுபடாது, திரும்ப ஓட்டும்போது இரண்டாவது கோடு விழும். நான் அப்படி ஒரு முழுப் பட்டையைக் கெடுத்தேன். வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்திருந்தார், அவர் முகம் மறக்கவில்லை.

பெல்ட்டுக்குப் பட்டை கட்டர்தான். மரக்கட்டையில் அகலத்தை வைத்து, திருகை முடுக்கி இழுத்தால் ஒரே அகலம். ஆனால் அது முதல் ஓரத்தைப் பார்த்துத்தான் போகும், அது கோணலென்றால் பட்டையும் கோணல். அந்த முதல் ஓரத்துக்குத் தச்சர் மாதிரி சாக்பீஸ் தேய்த்த நூலை விறைப்பாகப் பிடித்துச் சுண்டிக் கோடு போடுவேன்.

பைதையல்காரி
ஆம்பூர் தம்பி, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். அடிப்பக்கம் நீண்டுதான் இருக்கிறது, கடைசி ஒரு அடியில் அதிகம். அங்கே எட்டி வெட்டியபோது கை சாய்ந்திருக்கிறது. சைடில் முதுகுப் பக்கம் இன்னும் தொடாமல் இருக்கிறது. அண்ணே, நூலுக்கு வெள்ளை சாக்பீஸா, நீலமா? தோல் வெளிர் நிறம், கறை நிற்குமா?

பழைய செருப்புக்கடை
வெள்ளைதாம்மா. நீலம் போகாமல் நின்றுவிடலாம். கோட்டைத் தோலின் உள்பக்கத்தில் போடுங்கள்.