அஞ்செட்டி மலைக் குடியிருப்புகளில் ரத்தசோகை முகாம்: மாத்திரை கொடுத்தும் ரத்தம் ஏறவில்லை, என்ன செய்யலாம்?

உரிகம்_இளைஞர்

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் காட்டோரம் இருக்கிற இருளர் குடியிருப்புகளில் ரத்தசோகை விழிப்புணர்வு வேலை செய்கிறோம். முகாம் போட்டால் பந்தல், மைக், டாக்டர் எல்லாம் இருக்கும், சனம் மட்டும் வராது. வருகிற பெண்களுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினால், மூன்று மாதம் கழித்து அட்டை அப்படியே கூரையில் செருகியிருக்கிறது. ஒழுங்காக விழுங்கிய சிலருக்கும் ஹீமோகுளோபின் (ரத்த அளவு) 8 கிராமைத் தாண்டவில்லை. ராகி சாப்பிடுகிறவர்களுக்கு ஏன் ரத்தம் இல்லை என்றும் கேட்கிறார்கள். இதை எப்படிச் சரியாகச் செய்வது?

நர்ஸக்கா_பென்னாகரம்

தம்பி, முதலில் முகாமைக் குறையுங்கள். ரத்தசோகை ஒரே நாளில் பார்த்துத் தீர்க்கிற நோய் இல்லை. கர்ப்பிணி 180 நாள், பிள்ளை பெற்ற பிறகு இன்னொரு 180 நாள் மாத்திரை போட வேண்டும். பந்தல் காசை, ஒவ்வொரு குடியிருப்புக்கும் மாதம் ஒருமுறை தவறாமல் போய்வருகிற வண்டிச் செலவுக்கு வையுங்கள்.

சனம் வராததற்குப் பெரும்பாலும் நேரம்தான் காரணம். பகல் 11 மணிக்கு வைத்தால் ஒரு நாள் கூலி போகும். புளி உலுக்குகிற மாசி, பங்குனியில் காட்டுக்குள் இருப்பார்கள். மாங்காய் காலத்தில் தோப்பில் இருப்பார்கள். பொழுது சாய வைக்கலாம் என்றால், ராகிக் கதிர் முற்றுகிற ஐப்பசியிலிருந்து தை வரை யானை இறங்கும், இருட்டுவதற்குள் எல்லாரும் வீடு சேர வேண்டும். ஆகவே நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்கே போங்கள். இல்லையென்றால் சந்தை நாளில் சந்தை ஓரத்தில் ஒரு மேசை போடுங்கள். வேறு நாளில் அழைத்து வருவதைவிட, அவர்களே மலையிறங்குகிற நாளில் பார்ப்பது சுலபம்.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். கர்ப்பிணிகளுக்கான சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. விடியற்காலை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு வேலைக்குப் போனால் குமட்டும், வாந்தி வரும். அன்றோடு அட்டை கூரைக்குப் போய்விடும். ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது போடச் சொல்லுங்கள். டீ குடித்த கையோடு போடக் கூடாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரையை இதோடு சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் ஒட்டாது. அதைக் காலையில் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளட்டும். மலம் கறுப்பாகப் போகும், அது கெடுதல் இல்லை என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் நம்ப மாட்டார்கள்.

"மாத்திரை போட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் சிக்கலாகிவிடும்" என்ற பயம் மாமியார்களிடம் இருக்கிறது. மருமகளிடம் மட்டும் பேசிப் பயனில்லை. மாமியாரையும், ஊரில் பிரசவம் பார்த்த பாட்டி இருந்தால் அவரையும், கூடவே உட்கார வைத்துப் பேசுங்கள். அந்தப் பாட்டி ஒரு வார்த்தை சொன்னால் நாம் பத்து முறை சொன்னதற்குச் சமம்.

ஒரு தடவைக்கு ஒரு மாதத்துக்கான மாத்திரை மட்டும் கொடுங்கள். அடுத்த மாதம் காலி அட்டையைப் பார்த்துவிட்டு அடுத்ததைக் கொடுங்கள். மிச்சம் இருந்தால் திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த முறை மாத்திரையைக் குழியில் போட்டுவிட்டு வெறும் அட்டையைக் காட்டுவார்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்ல மறக்க வேண்டாம். சின்னக் குழந்தை மிட்டாய் என்று நினைத்து நாலைந்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7 முதல் 10.9 வரை உள்ளவர்களுக்குத் தினம் இரண்டு மாத்திரை கொடுத்து மாதாமாதம் அளக்க வேண்டும். 7-க்குக் கீழே போனால் அது நம் கையில் இல்லை, மருத்துவமனையில் நரம்பு வழி இரும்பு ஏற்ற வேண்டியிருக்கும். 5-க்குக் கீழே என்றால் அன்றைக்கே சேர்க்க வேண்டும், ரத்தம் ஏற்ற வேண்டி வரும். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு இடத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 108 குடியிருப்பு வரை ஏற முடியாத பாதையானால், தார் ரோடு வரை கொண்டுவர எந்த ஜீப், யார் ஓட்டுவது, ராத்திரி எந்த நம்பர் என்பதை 8-ம் மாதமே எழுதி அந்த வீட்டில் ஒட்டிவிடுங்கள்.

ஆய்வக_நுட்பநர்

விழுங்கியும் 8-லேயே நிற்கிறது என்றால், முதலில் உங்கள் அளவு சரியா என்று பாருங்கள். விரலில் குத்தும்போது நடக்கிற தப்புதான் அதிகம். நடுவிரல் அல்லது மோதிர விரலின் நுனியில், நடுவில் இல்லாமல் பக்கவாட்டில் குத்த வேண்டும். ஸ்பிரிட் முழுக்கக் காய்ந்த பிறகுதான் குத்த வேண்டும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்த சொட்டை எடுங்கள். ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழிந்தால் திசு நீர் கலந்து அளவு குறைவாகக் காட்டும். குளிர் காலத்தில் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டால் தானாக வரும். ரத்தச் சொட்டு வைக்கிற ஸ்டிரிப் டப்பாவைத் திறந்தே வைக்காதீர்கள், ஈரம் ஏறினால் எண் தப்பும்.

அளவு சரிதான், மாத்திரையும் உள்ளே போகிறது, ஆனாலும் ஒரு மாதத்தில் 1 கிராம் கூட ஏறவில்லை என்றால் இரும்புக் குறைவு மட்டும் காரணம் இல்லை. குடலில் ஒட்டி ரத்தம் குடிக்கிற கொக்கிப் புழு இருக்கலாம். செருப்பில்லாமல் நடக்கிற, திறந்தவெளியில் மலம் கழிக்கிற இடங்களில் இது மாத்திரையின் பலனைத் தின்றுவிடும். அதற்குப் பூச்சி மாத்திரை அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரு வேளை, கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதம் கழிந்த பிறகுதான்.

இன்னொன்று, பரம்பரையாக வருகிற ரத்த நோய்கள்: சிவப்பணு அரிவாள் போல வளைகிற அரிவாள் செல் ரத்தசோகை, ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத தலசீமியா. பழங்குடி மக்களுக்காக 2023 ஜூலை 1-ல் தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 40 வயது வரை உள்ளவர்களுக்குப் பரிசோதனை செய்கிறார்கள், வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுதிக் கேளுங்கள். முதல் பரிசோதனையில் சந்தேகம் வந்தால் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டுகிற எச்.பி.எல்.சி. பரிசோதனையில்தான் உறுதி செய்ய வேண்டும். அந்த முடிவை ஊர் நடுவில் படிக்கவே கூடாது. அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்தவர் நோயாளி இல்லை, ஆனால் பெயர் வெளியே போனால் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சே நின்றுவிடும். கணவன், மனைவி இருவருக்கும் அந்த மரபணு இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்கு நோய் வரும். இதைத் தனியாக, இருவரிடமும் சொல்ல வேண்டும்.

சாமை_சோறு

ராகி பற்றிய கேள்விக்கு: ராகியின் பலம் கால்சியம். 100 கிராமில் இரும்பு 5 மில்லிகிராமுக்கும் குறைவுதான், அதிலும் தானியத்திலேயே இருக்கிற ஃபைட்டேட் என்ற பொருள் பிடித்துக்கொள்வதால் உடம்பில் சேர்வது கொஞ்சம். முளைகட்டி அரைத்தால் கொஞ்சம் கூடும். களிக்குத் தொட்டுக்கொள்ளக் கொள்ளு, அவரை, முருங்கைக் கீரை வைத்து, கடைசியில் ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ கடித்தால் இரும்பு ஒட்டும். பேரீச்சம்பழம், மாதுளை என்று சார்ட் ஒட்டுவதை விடுங்கள். வாங்க முடியாததைப் படம் போட்டுக் காட்டினால், இது நமக்கானது இல்லை என்று எழுந்து போவார்கள்.

தண்ணீரையும் பாருங்கள். நம் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் ஆழ்துளைக் கிணற்றில், பல்லையும் எலும்பையும் கெடுக்கிற ஃப்ளோரைடு உண்டு. குழாயில் வருகிற ஒகேனக்கல் காவிரித் தண்ணீரைக் குடிக்க மட்டும் வைத்துவிட்டு, களி கிண்ட போர் தண்ணீரை ஊற்றுகிறார்கள். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சமையலுக்கும் வேண்டாம்.

உரிகம்_இளைஞர்

ரொம்ப நன்றிங்க. சில வீடுகளில் கர்ப்பத்தையே 6, 7 மாதம் வரை மறைக்கிறார்கள், பெண்ணுக்கு 18 ஆகியிருக்காது. அங்கே எப்படிப் பேசுவது? தளி பக்கம் கன்னடம், தெலுங்கு பேசுகிற ஊர்களும் இருக்கின்றன.

நர்ஸக்கா_பென்னாகரம்

18-க்குக் கீழே என்றால் சட்டப்படி போலீஸுக்குத் தகவல் போகத்தான் செய்யும், அதை மறைத்துப் பேசாதீர்கள். அதற்காகச் சிகிச்சையை யாரும் மறுக்க முடியாது என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். வழக்குக்குப் பயந்து வீட்டிலேயே பிரசவம் பார்ப்பதுதான் தாய் உயிருக்குப் பெரிய ஆபத்து. பள்ளியை விட்ட பெண்பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீல இரும்புச் சத்து மாத்திரை அங்கன்வாடியில் உண்டு. அந்தப் பட்டியலில் பெயர் சேர்த்துவிட்டால் கல்யாணப் பேச்சு எழும்போதே நமக்குத் தெரியவரும். அந்த நேரத்தில் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லலாம்.

மொழிக்கு, வெளியாள் வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5-ல், வீட்டுக்கே வந்து பார்க்கிற அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். அந்தத் திட்டத்துத் தன்னார்வலர் உங்கள் ஊராட்சியிலும் இருப்பார். அந்தந்தக் குடியிருப்பிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணை அவரோடு சேர்த்து அனுப்புங்கள், அந்தப் பெண்ணுக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். நோட்டில் அஞ்சு கட்டம் போதும்: பெயர், மாதம், ஹீமோகுளோபின், வாங்கிய மாத்திரை, மிச்ச மாத்திரை. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிப் பரிசோதனைக்குப் போகும்போது அந்த நோட்டை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, அங்குள்ள பதிவோடு ஒத்துப்பாருங்கள். பெயர் விட்டுப்போன பெண்கள் அங்கேதான் தெரிவார்கள்.