கொம்புமான் ஒரு வாய்கூட வைக்காதாம்!

வேலியோரம்:
தீபாவளி விருந்தில் ஒருவர் சொன்னார். சொல்லிவிட்டு ஜாங்கிரியைக் கடித்துக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் இரண்டு நாளாகத் தூக்கமில்லை. வேட்டைக்கு மானை வரவழைக்க, மானுக்கென்றே கிளோவர், டர்னிப், ஓட்ஸ் விதைத்து விடுகிறோமே, இங்கே ஃபுட் பிளாட் என்பார்கள், அதில் மேய்வதெல்லாம் பெட்டை மான்தானாம். கொம்புமான் பெட்டையின் வாசனைக்கு வருமே தவிர ஒரு வாய்கூட வைக்காதாம். பென்சில்வேனியாவில் பதினோரு வருடமாக அரை ஏக்கர் விதைக்கிறேன். அப்படியானால் நான் யாருக்கு விதைத்தேன்? அவர் இதைப் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும்.

டர்னிப் தம்பி:
படித்துவிட்டேன் அண்ணே. அந்த ஒருவர் நான்தான். அது ஜாங்கிரி இல்லை, பாதுஷா.

சொன்னதில் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன். இங்கே திரிகிற வெள்ளைவால் மானில் நவம்பர் நடுவில் பெட்டைகள் பருவத்துக்கு வரும். அப்போது ஆண் அலைகிற அலைச்சலில் உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு எடை போய்விடும், சிலவற்றுக்கு நாலில் ஒரு பங்கு. தின்கிற பிராணி ஏன் அப்படி இளைக்க வேண்டும்? பெட்டைக்குத் தீனி தேவை. சுமார் 200 நாள் சினை, அப்புறம் மே கடைசி, ஜூனில் குட்டி, பால். ஆணுக்கு என்ன?

வேலியோரம்:
ஆணுக்கு என்னவா? கொம்பு, தம்பி, கொம்பு! வருடா வருடம் விழுந்து புதிதாக முளைக்கிற எலும்பு. அது காற்றைக் குடித்தா வளர்கிறது? ஜூலை, ஆகஸ்டில் கொம்பில் வெல்வெட் தோல் இருக்கும்போது நாலைந்து ஆண்கள் சேர்ந்து, வெளிச்சம் போகுமுன்பே சோயா வயலில் நிற்கும். ஊரே காரை நிறுத்திப் பார்க்கும். நவம்பரை மட்டும் பிடித்துத் தொங்குகிறாய். டிசம்பரில் உறைபனி பட்டு டர்னிப் இலை இனித்த பிறகு வந்து பார். இளைத்துப்போன ஆண் கிழங்கைக் குளம்பால் கிளறித் தின்னும். ஒரு வாய் இல்லை, வயிறு முட்ட.

டர்னிப் தம்பி:
மரத்தில் கட்டிவைத்தால் மான் வரும்போது தானாகப் படமெடுக்குமே, அந்த டிரெயில் கேமராவில் விழுந்த உங்கள் படங்கள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்த யாரை நீங்கள் பார்க்காமல் விட்டிருக்கிறீர்கள்? ஆண் இருக்கிற படமெல்லாம் நடு ராத்திரி. தலையைத் தூக்கி மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு நிற்கும். பெட்டையின் மூத்திரத்தை மோந்தால்தான் அப்படி நிற்கும். வாயில் இலையோடு ஒரு படம். ஒன்றே ஒன்று. போடுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

எடிசன் அக்கா:
எனக்கு ஃபுட் பிளாட்டெல்லாம் தெரியாது. ஆகஸ்டில் எங்கள் வாசல் ஹோஸ்டாச் செடி முழுவதையும் மொட்டையடித்தது கொம்பு வைத்த மான்தான். காபி டம்ளரோடு ஜன்னலில் நின்று பார்த்தேன். கண்ணாடியைத் தட்டினால் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி தின்றது. ஒரு வாயாம்!

டர்னிப் தம்பி:
ஹோஸ்டா ஃபுட் பிளாட் ஆகாது அக்கா.

எடிசன் அக்கா:
அதை மானிடம் சொல்லுங்கள்.

ஹில் கன்ட்ரி ராசா:
டெக்ஸாஸிலிருந்து. வெள்ளைவாலை விடுங்கள். நம் ஊர்ப் புள்ளிமானை 1932-இல் இங்கே கொண்டுவந்து விட்டார்கள், வெளிமானையும்தான். இப்போது எங்கள் பக்கம் எங்கு பார்த்தாலும் புள்ளிமான். அதற்கு நவம்பரும் இல்லை, மார்கழியும் இல்லை. ஒரே மந்தையில் ஒன்று வெல்வெட்டோடு நிற்கும், ஒன்று காய்ந்த கொம்போடு, ஒன்று கொம்பு விழுந்த மொட்டைத் தலையோடு. எல்லாம் ஓட்ஸ் வயலில் கலந்துதான் மேயும். தானியங்கிப் பெட்டியில் மக்காச்சோளம் விழுகிற சத்தம் கேட்டால் ஆண்தான் முதலில் ஓடிவரும்.

வேலியோரம்:
சோளத்தைக் கொட்டி, வருவதைச் சுடுவதற்குப் பெயர் வேட்டையா ராசா? எங்கள் மாநிலத்தில் பெரும்பாலான இடங்களில் அப்படிச் செய்தால் வழக்கு.

ஹில் கன்ட்ரி ராசா:
நான் உங்கள் பக்கம்தானே பேசினேன்! சரி, கேட்டுவிட்டீர்கள். டர்னிப் விதைத்துவிட்டு மேலே பரணில் துப்பாக்கியோடு உட்காருகிறீர்களே, அது என்ன, தவமா?

வேலியோரம்:
விதைப்பது விவசாயம். உழ வேண்டும், சுண்ணாம்பு போட வேண்டும், களை எடுக்க வேண்டும். பெட்டிக்குப் பேட்டரி மாற்றினால் போதும்.

செந்தமிழ்ச் செல்வி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 'கொம்புமான்' என்ன சொல் ஐயா? ஆணுக்குக் கலை, பெண்ணுக்குப் பிணை, குட்டிக்கு மறி என்று அழகான சொற்கள் இருக்கின்றன. விவாதத்துக்கும் விடை இருக்கிறது. குறுந்தொகை 220-ஆம் பாட்டில், மழையில் தழைத்த புனத்து வரகை 'இரலை மேய்ந்த' என்றே வருகிறது. இரலை என்றால் ஆண்.

வேலியோரம்:
கேட்டாயா தம்பி? மோந்த இரலை இல்லை, மேய்ந்த இரலை! வரகுப் புனத்தில்! சங்க காலத்திலேயே தீர்ந்துபோன வழக்கு இது. அம்மா, நன்றி.

டர்னிப் தம்பி:
இரலை என்பதை இனத்தின் பெயராகவும் சொல்வார்கள். வெளிமான்தான் அது. கொம்பு உதிராத இனம். உங்கள் கொல்லையில் நிற்பது வேறு. இதை எப்படிச் சாட்சியாக எடுப்பது? வாயில் இலையோடு படம் எங்கே?

செந்தமிழ்ச் செல்வி:
ஆண் என்று உரை இருக்கிறது.

டர்னிப் தம்பி:
உரைகாரர் டிரெயில் கேமரா வைத்திருந்தாரா?

தாளவாடிக்காரன்:
நான் ராகிக்காட்டுப் பரணில் உட்கார்ந்து இதைப் படிக்கிறேன். பன்றிக்கும் மானுக்கும் தகரம் தட்டிக் கை வலிக்கிறது. நீங்கள் விதை வாங்கித் தூவி மானைக் கூப்பிடுகிறீர்கள்! இங்கே மானைத் தொட்டால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து நிற்கும். ஆணா பெண்ணா என்று யார் பார்த்தது? காலையில் கதிர் இல்லை, அவ்வளவுதான் தெரியும்.

வேலியோரம்:
அண்ணா, உங்கள் கஷ்டம் வேறு. நான் கேட்பது நேர்மையைப் பற்றி. ஃபுட் பிளாட்டில் முதலில் இறங்குவது கிழட்டுப் பெட்டை, பின்னால் அதன் மகள்கள், குட்டிகள். பிறகு இளவட்ட ஆண்கள். பெரிய கொம்பு கடைசியில்தான் வரும். அதுவும் நேரே வராது. காற்று வயலைக் கடந்து வந்து சேருகிற பக்கத்தில், மரங்களுக்குள்ளேயே நின்று மொத்த வயலையும் மோந்துவிட்டு, இருட்டிய பிறகு இறங்கும். அதனால்தான் படம் ராத்திரி. ராத்திரி வந்தால் தின்னாது என்று எந்தக் கணக்கு? போன வருடம் நடுவில் ஒரு கம்பிக்கூண்டு வைத்தேன். கூண்டுக்குள் கிளோவர் முழங்கால் உயரம், வெளியே வெறும் தரை.

டர்னிப் தம்பி:
தின்றது பெட்டை. கூண்டு ஆளைச் சொல்லாது.

வேலியோரம்:
உன்னிடம் பேசுவது வீண். 2019-இல் இங்கே மான் வேட்டைக்கான துப்பாக்கி சீசன் தொடக்கத்தைத் திங்களிலிருந்து சனிக்கிழமைக்கு மாற்றினார்களே, அந்தச் சனிக்கிழமை விடிகாலை நாலு மணிக்கு உன் வீட்டு வாசலில் நான் நின்றேன். நீ எழுந்தே வரவில்லை. வந்திருந்தால் கண்ணால் பார்த்திருப்பாய். உப்புக்கண்டத்துக்கு மட்டும் டப்பாவோடு வந்தாய்.

டர்னிப் தம்பி:
அந்த உப்புக்கண்டம் பெட்டை மானுடையது. நீங்களே சொன்னீர்கள்.

எடிசன் அக்கா:
😂

வேலியோரம்:
இதோ படம். நவம்பர் 9, மாலை 6.12. எட்டு முனைக் கொம்பு. தலை தரையில், கிளோவருக்குள்.

டர்னிப் தம்பி:
தலை தரையில். வாய் தெரியவில்லை. மோப்பம்.

எடிசன் அக்கா:
அது கொம்பா, பின்னால் இருக்கிற மரக்கிளையா?

ஹில் கன்ட்ரி ராசா:
எனக்கும் கிளை மாதிரிதான் தெரிகிறது. பேட்டரி மாற்றிப் பாருங்கள் ஐயா.

தாளவாடிக்காரன்:
பன்றி வந்துவிட்டது, போகிறேன்.

வேலியோரம்:
கண் இருப்பவர்களுக்குத் தெரியும். தம்பி, என் விதை தூவுகிற மிஷினை நாளை சாயங்காலத்துக்குள் கொண்டுவந்து வைத்துவிடு.

டர்னிப் தம்பி:
மிஷின் நான் வாங்கியது. உங்கள் பாதிப் பணம் இன்னும் வரவில்லை அண்ணே.