டயாப்லோ 3: மாயக்கோலுக்கு இரண்டே பொருள் மிச்சம், எங்கே தப்பு செய்கிறேன்?

மழைத்தவளை:
வணக்கம். டயாப்லோ 3 கணினி விளையாட்டில் விம்சிஷயர் என்ற ரகசிய ஊருக்கு வழி திறக்கும் ஸ்டாஃப் ஆஃப் ஹெர்டிங் என்ற மாயக்கோலைச் செய்ய மூன்று வாரமாக அலைகிறேன். கதீட்ரல் முதல் தளத்தில் பிளாக் மஷ்ரூம் எடுத்தாச்சு. பாலைவனச் சோலையில் சாவன் என்ற ரசவாதியைக் காப்பாற்றி, அவர் திறந்துவிட்ட குகையின் பெட்டியிலிருந்து லிக்விட் ரெயின்போவும் எடுத்தேன். இஸுவல் என்ற அரக்கனை வீழ்த்தியதில் கோலின் செய்முறை ஏடும் வந்துவிட்டது. வர்ட்ஸ் பெல் என்ற மணிக்கு ஒரு லட்சம் பொற்காசு சேர்த்து வைத்திருக்கிறேன்.

லியோரிக்ஸ் ஷின்போன் என்ற கால் எலும்பும் கிப்பரிங் ஜெம்ஸ்டோன் என்ற கல்லும் மட்டும் சிக்கவில்லை. லியோரிக் மாளிகையில் ஒரு அறை விடாமல் தேடிவிட்டேன். கேவர்ன்ஸ் ஆஃப் ஃப்ராஸ்ட் குகையில் சில்டாரா என்ற அரக்கியை ஒரு தடவை கொன்றேன், கல் விழவில்லை. விளையாட்டில் ஏதாவது கோளாறா? மேகம் சிரிக்கும் அந்த ஊரைப் பார்க்கணும் என்று தங்கை தினமும் கேட்கிறாள்.

பழையவேடன்:
தம்பி, கோளாறு எதுவும் இல்லை. இந்த இரண்டும் ஒவ்வொரு முறையும் வராது. கால் எலும்பு இருந்தால் மாளிகையின் கணப்பில்தான் இருக்கும், வேறு எந்த அறையிலும் தேடாதீர்கள். கணப்பில் கருகிய கட்டைகள் கிடக்கும். அதன் மேல் சுட்டியைக் கொண்டுபோனால் பெயர் தெரியும், சொடுக்கினால் எலும்பு வரும். பெயர் தெரியவில்லையா, அந்த ஆட்டத்தில் எலும்பு இல்லை. உடனே வெளியேறிப் புது ஆட்டம் தொடங்குங்கள். அதே ஆட்டத்தில் எத்தனை தடவை திரும்பி வந்தாலும் நிலைமை மாறாது.

சில்டாராவும் இப்படித்தான். குகையின் இரண்டாம் தளத்தில் ஊதா நிறப் பெயரோடு நிற்பாள். சில ஆட்டங்களில் அவளே இருக்க மாட்டாள். இருந்து செத்தாலும் கல் விழும் என்று நிச்சயம் கிடையாது. ஒரு தடவை கொன்றுவிட்டு முடிவு கட்டாதீர்கள். நான் இருபது தடவைக்கு மேல் போனேன். கடினநிலையைக் குறைத்து வைத்துக்கொண்டு ஓடுங்கள், வழியில் வருபவர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

செங்காந்தள்:
மணிக்கு ஒரு குறிப்பு: கதையின் இரண்டாம் அங்கத்தில் கால்டியம் நகரக் கடைத்தெருவுக்குள் போக முடிகிற கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ஸ்க்வர்ட் என்ற சிறுமியிடம் வாங்கலாம்.

அந்த மணிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. வர்ட் என்பவன் முதல் டயாப்லோவில் வந்த மரக்கால் பையன். அதில் மாட்டு உலகம் ஒன்று ஒளிந்திருப்பதாக அப்போதே வதந்தி. 1998இல் அதே நிறுவனத்திடமிருந்து வந்த ஸ்டார்கிராஃப்ட் விளையாட்டில் ‘மாட்டு உலகம் எதுவும் கிடையாது’ என்பதையே ஒரு ரகசியக் கட்டளையாக வைத்தார்கள். 2000இல் டயாப்லோ 2 வந்தபோது நிஜமாகவே அதைத் திறந்துவிட்டார்கள், சாவி வர்ட்டின் மரக்கால். இந்தக் கோலின் வேறு சில பொருள்களுக்கும் இப்படி ஒரு பழைய நினைவு உண்டு. பிளாக் மஷ்ரூமைக்கூட முதல் ஆட்டத்தில் சூனியக்காரி ஏட்ரியாவுக்காகத் தேடி அலைந்தோம். அதனால்தான் எனக்கு இந்த அலைச்சல் பிடிக்கும்.

மழைத்தவளை:
நன்றி அண்ணா, நன்றி அக்கா! ஏழாவது ஆட்டத்தில் கட்டைகள் மேல் பெயர் தெரிந்தது. கல் நேற்று ராத்திரி விழுந்தது, பதினான்காவது தடவை. மணியும் வாங்கி, கொல்லர் ஹெட்ரிக்கிடம் கொடுத்துக் கோலைச் செய்தாச்சு. இப்போது எங்கே போகணும்?

பழையவேடன்:
முதல் அங்கத்தில் ஓல்ட் டிரிஸ்ட்ரம் ரோடு. நிலம் பிளந்து உள்ளே செக்கச்செவேலென்று ஒளிரும், பக்கத்தில் ஒரு மாட்டின் எலும்புக்கூடு கிடக்கும். கோல் பையில் இருந்தால் போதும், மாட்டு ராஜாவின் ஆவி எழுந்து வரும். பேசி முடித்ததும் விம்சிஷயருக்கு வழி திறக்கும். கோல் தீர்ந்துபோகாது, எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். உள்ளே கரடி பொம்மைகளும் ஒற்றைக்கொம்புக் குதிரைகளும் பலமாகவே அடிக்கும், கடினநிலையைப் பார்த்து வையுங்கள். வழி திறப்பதற்கு முன்னாலேயே தங்கையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.